விசா முடிந்தும் வெளிநாட்டில் நின்றுவிட்டால்: தண்டமும் நுழைவுத் தடையும், யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பேரப்பிள்ளையைப் பார்க்க ஸ்காபரோவுக்குப் போன அம்மா ஒன்பதாவது மாதமும் அங்கேயே நிற்கிறா. படிக்கப் போன தம்பியின் லண்டன் விசா முடிந்து போனது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கண் ஒப்பரேஷனுக்கு மதுரைக்குப் போன அப்பாவின் விசாத் திகதி ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கடந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் எந்தத் தெருவை எடுத்தாலும் இப்படி ஒரு வீடாவது இருக்கும். இருந்தும் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசமாட்டோம். வெட்கம், பயம், "எங்கட ஆள் பாத்துக்கொள்ளுவார்" என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்து வாயை அடைத்துவிடுகின்றன. அதற்குள் நாட்கள் ஓடிவிடும். இந்த விஷயத்தில் வில்லங்கமே நாட்கள்தான்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். அநேகமான நாடுகளில் உங்கள் தடை எவ்வளவு காலத்துக்கு என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எத்தனை நாள் கூடுதலாக நின்றீர்கள், எப்படி வெளியேறினீர்கள். பிரித்தானியாவை எடுத்துக்கொள்ளுங்கள். விசா முடிந்து 30 நாளுக்கு மேல் நின்று, பிறகு சொந்தக் காசில் ரிக்கெற் எடுத்துத் தானாகவே போனவருக்கு 12 மாதத் தடை. அதே ஆள் பிடிபட்டு விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டால் 10 வருடம். இதைத் தெரிந்துகொண்டு ஒரு குடும்பமாவது வேளைக்கே முடிவெடுக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதற்படி: உண்மையான கடைசித் திகதியைக் கண்டுபிடியுங்கள்

பாஸ்போட்டில் ஒட்டிய விசாவில் "இந்தத் திகதி வரை செல்லும்" என்று இருக்கும். பெரும்பாலானோர் அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். அநேக நாடுகளில் அந்தத் திகதி, எல்லை வாசலுக்கு எப்போது வரை போகலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே எத்தனை நாள் நிற்கலாம் என்பது வேறு கணக்கு.

கனடாவுக்கு வருகையாளர் விசா பத்து வருடத்துக்குக் கூடக் கொடுப்பார்கள். ஆனால் ஒருமுறை உள்ளே போனால் சாதாரணமாக ஆறு மாதம்தான். எல்லை அதிகாரி முத்திரையின் கீழே பேனாவால் வேறு திகதி எழுதியிருந்தால் அந்தத் திகதிதான் கணக்கு. ஒன்றும் எழுதாவிட்டால் நுழைந்த நாளிலிருந்து ஆறு மாதம். இயந்திரத்தில் பாஸ்போட்டை வைத்து உள்ளே போனவருக்கு முத்திரையே இராது. அவர் போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

அம்மா அப்பாமாருக்குக் கொடுக்கும் சுப்பர் விசா வேறு வகை. 2022 ஜூலை 4 முதல் அதில் ஒருமுறைக்கு 5 வருடம் வரை நிற்கலாம். அதற்கு முன் 2 வருடம்தான் இருந்தது. வீடுகளில் நடக்கும் பெரிய குழப்பமும் இங்கேதான். பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தது சாதாரண வருகையாளர் விசா. அம்மா நினைத்துக்கொண்டிருப்பதோ சுப்பர் விசா. பயணத்துக்கு முன் விசாக் கடிதத்தை எடுத்து எந்த வகை என்று பாருங்கள். சுப்பர் விசாவுக்குக் குறைந்தது 1 இலட்சம் கனேடிய டொலர் பெறுமதியான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அப்படி ஒன்று எடுத்த நினைவே இல்லையென்றால், உங்களிடம் இருப்பது சுப்பர் விசாவாக இருக்க வாய்ப்பில்லை.

லண்டனுக்கு 2, 5, 10 வருட வருகையாளர் விசாக்கள் உண்டு. எதுவாக இருந்தாலும் ஒரு பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் நிற்க முடியாது. அமெரிக்காவில் ஐ-94 என்ற வருகைப் பதிவில் உள்ள திகதிதான் சட்டம். அதைப் பாஸ்போட் இலக்கத்தைக் கொடுத்து அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். போன அன்றே பார்த்து அச்செடுத்து வையுங்கள்.

ஐரோப்பாவுக்குத்தான் கணக்குப் போடவே வேண்டும். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே எல்லாம் ஷெங்கன் என்ற ஒரே வளையத்துக்குள். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. பாரிஸில் நின்றதும் சூரிச்சில் நின்றதும் ஒரே கணக்கில் சேரும். போய் இறங்கிய நாள், திரும்ப ஏறிய நாள் இரண்டும் முழு நாட்கள். ஒரு உதாரணம்: ஏப்ரல் 1 முதல் மே 30 வரை பாரிஸ் லா சப்பலில் தங்கையோடு நின்றீர்கள் என்று வைப்போம். அது 60 நாள். பிறகு ஓகஸ்ட் 1இல் மருமகளின் கல்யாணத்துக்குத் திரும்பப் போகிறீர்கள். "ஜூன், ஜூலை வெளியில நிண்டனான், இனிப் புது 90 நாள்" என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஓகஸ்ட் 31இலிருந்து பின்னால் 180 நாள் எண்ணினால் மார்ச் 5க்குப் போய் நிற்கும். பழைய 60 நாளும் அதற்குள்ளேயே கிடக்கின்றன. ஓகஸ்டில் 31 நாள் நின்றால் மொத்தம் 91. ஆகவே ஓகஸ்ட் 30இல் விமானம் ஏறியே ஆகவேண்டும். இதற்கும் மேலாக, விசா ஒட்டியில் தங்கும் நாட்கள் 30 என்று போட்டிருந்தால் உங்களுக்கு 30தான். 90 என்ற கதைக்கே இடமில்லை.

முன்பு இந்தக் கணக்கை முத்திரைகளைப் புரட்டிப் பார்த்து அதிகாரி எண்ண வேண்டியிருந்தது, சில வேளை தவறியும் போகும். 2025 ஒக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய நுழைவு வெளியேற்றப் பதிவு முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். இதில் கணினியே நாளை எண்ணும். வெளியேறியதற்குப் பதிவில்லாதவரின் விவரம் 5 வருடம் அதில் இருக்கும்.

இரண்டாம் படி: திகதி வரும் முன்னர் நீடிக்க முடியுமா என்று பாருங்கள்

கனடாவில் முடியும். அனுமதி முடியும் முன்னரே நீடிப்புக்கு விண்ணப்பித்தால், முடிவு வரும் வரை நீங்கள் சட்டப்படி நிற்பவர்தான். திகதி கடந்துவிட்டால் 90 நாளுக்குள் அந்தஸ்தை மீட்டுத் தரும்படி கேட்கலாம். 91ஆவது நாள் அந்தக் கதவும் மூடிவிடும்.

பிரித்தானியாவிலும் விசா முடியும் முன் போட்ட விண்ணப்பம் முடிவு வரும் வரை காப்பாற்றும். ஆனால் வருகையாளராகப் போனவர் 6 மாதத்துக்கு மேல் நீடிப்பது அரிது, மருத்துவச் சிகிச்சை போன்ற சில காரணங்களுக்கே வழியுண்டு. ஷெங்கனில் நோய், விமானம் ஓடாதது போன்ற தவிர்க்க முடியாத காரணம் அல்லது மனிதாபிமானக் காரணம் இருந்தால் நீடிப்பார்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு விசா முடியும் முன்பே அந்த ஊர் பொலிஸ் அல்லது குடிவரவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். முடிந்த பிறகு கொண்டு போகும் கடிதத்துக்கு அந்தப் பெறுமதி இல்லை.

அவுஸ்திரேலிய விசாக் கடிதத்தில் 8503 என்ற நிபந்தனை இலக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அங்கே நின்றபடி வேறு விசாவுக்கு மாறுவது அநேகமாக முடியாது. அம்மா அப்பாவைக் கூப்பிடும் பிள்ளைகள் கடிதம் வந்த அன்றே பார்க்க வேண்டிய விஷயம் இது.

மூன்றாம் படி: திகதி கடந்துவிட்டதா? எத்தனை நாள் என்று எண்ணுங்கள்

இங்கே பயப்படாமல் கலண்டரை எடுத்து உட்கார வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் நின்றால் ஒரு விளைவு, அந்தப் பக்கம் போனால் வேறு விளைவு. ஒரு கிழமை முந்தி ரிக்கெற் எடுத்ததால் பல வருடம் மிஞ்சும்.

பிரித்தானியா: 30 நாளுக்குள் சொந்தச் செலவில் வெளியேறினால் கட்டாயத் தடை எதுவும் இல்லை. பதிவு இருக்கும், அடுத்த விண்ணப்பத்தில் கேள்வி வரும், அவ்வளவுதான். 30 நாள் கடந்து, சொந்தச் செலவில், தானாகவே போனால் 12 மாதம். அரசாங்கத்தின் செலவில் தானாகப் போனால், வெளியேறும்படி அறிவித்தல் கிடைத்தோ மேன்முறையீடு முடிந்தோ 6 மாதத்துக்குள் என்றால் 2 வருடம், அதற்குப் பிறகு என்றால் 5 வருடம். பிடித்து அனுப்பினால் 10 வருடம். விண்ணப்பத்தில் பொய் சொன்னதாகக் கண்டுபிடித்தாலும் 10 வருடம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விமான ரிக்கெற்றைப் பிரித்தானிய அரசு எடுத்துத் தருகிறது, கையில் காசும் தருகிறது என்று கேள்விப்பட்டு அந்தத் திட்டத்தில் பதிகிறவர்கள் இருக்கிறார்கள். காசில்லாமல், வருத்தத்தோடு நிற்பவருக்கு அது பெரிய உதவிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பவும் லண்டனுக்குப் போகும் எண்ணம் இருந்தால், ஒரு வழி ரிக்கெற்றுக்கு உறவினர் காசு போட்டுக் கொடுப்பது ஒரு வருடத்திலிருந்து நான்கு வருடம் வரை மிச்சப்படுத்தும். சங்கங்களும் ஊர்க்காரரும் உதவக்கூடிய நேரம் இதுவே.

கனடா: கூடுதலாக நின்றதற்கென்று தானாக வந்து விழும் தடை இல்லை. உத்தரவு ஒன்று கையில் தரப்பட்டால்தான் தடை. அதற்கு முன் போய்விட்டால், பதிவும் அடுத்த விசாவில் சந்தேகமும் மட்டுமே மிஞ்சும். உத்தரவில் மூன்று வகை உண்டு. கூடுதலாக நின்ற வருகையாளருக்குச் சாதாரணமாகக் கிடைப்பது விலக்கல் உத்தரவு, அது ஒரு வருடத் தடை. பொய்த் தகவல் கொடுத்ததற்காக என்றால் 5 வருடம். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவருக்கு அநேகமாக வெளியேறல் உத்தரவு, 30 நாளுக்குள் போனால் தடையே இல்லை. 31ஆவது நாள் அது தானாகவே நாடுகடத்தல் உத்தரவாக மாறிவிடும், அதற்குக் கால எல்லையே கிடையாது. பிறகு எப்போது போக நினைத்தாலும் திரும்பி வர எழுத்தில் விசேட அனுமதி எடுக்க வேண்டும்.

அமெரிக்கா: ஒரு நாள் கூடுதலாக நின்றாலே கையிலிருக்கும் விசா செத்துவிடும். அடுத்த விசாவுக்குக் கொழும்புத் தூதரகத்துக்கே போக வேண்டிவரும். 180 நாளுக்கு மேல் நின்று ஒரு வருடம் ஆகும் முன் வெளியேறினால் 3 வருடத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ நின்று வெளியேறினால் 10 வருடம். 18 வயதுக்குக் கீழ் நின்ற நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. சட்டவிரோதமாக வேலை செய்யாமல், உண்மையான அகதி விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் காலமும் சேராது.

அமெரிக்காவில் மட்டும் "உடன வெளிக்கிடுங்கோ" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். அங்கே இந்த 3, 10 வருடத் தடைகள் நாட்டை விட்டு வெளியேறும்போதுதான் விழுகின்றன. 21 வயதைக் கடந்த அமெரிக்கப் பிரஜையான மகனோ மகளோ இருக்கும் தாய், முறையாக விசாவோடு எல்லையைக் கடந்து வந்தவராக இருந்தால், விசா முடிந்து நின்றாலும் உள்ளே இருந்தபடியே நிரந்தர வதிவிடம் கேட்க அந்த நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. அப்படிப்பட்ட ஒருவர் அவசரப்பட்டுப் பலாலிக்கு வந்து இறங்கினால், 10 வருடம் பிள்ளையைப் பார்க்க முடியாமல் போகலாம். ரிக்கெற் எடுக்கும் முன் ஒரு குடிவரவுச் சட்டத்தரணிக்குக் காசு கொடுங்கள்.

ஷெங்கன் நாடுகள்: வெளியேறச் சொல்லி உத்தரவு தந்தால் சாதாரணமாக 7 முதல் 30 நாள் அவகாசம் இருக்கும். பிரான்ஸில் அது 30 நாள். அதற்குள் போய்விட்டால் தடையைத் தவிர்க்க நல்ல வாய்ப்புண்டு. போகாவிட்டாலோ அவகாசமே தராத உத்தரவு என்றாலோ தடை சேரும், பொதுவாக 5 வருடம் வரை. ஒரு நாடு போட்ட தடை ஷெங்கன் தகவல் முறைமையில் ஏறிவிட்டால் எல்லா வாசலிலும் அது தெரியும். ஜேர்மனி போடும் தடையோடு இத்தாலிக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜேர்மனியிலும் சுவிஸிலும் அனுமதியின்றி நிற்பது தண்டமோ ஒரு வருடம் வரை சிறையோ கிடைக்கக்கூடிய குற்றம்.

அவுஸ்திரேலியா: 28 நாள்தான் கோடு. அதற்கு மேல் விசாவின்றி நின்று வெளியேறினால் 3 வருடம் தற்காலிக விசாக்களுக்குத் தடை. 28 நாளுக்குள் குடிவரவுத் திணைக்களத்தோடு தொடர்பு கொண்டு, ஈ வகை இணைப்பு விசா (வெளியேறும் வரை சட்டப்படி நிற்க விடும் தற்காலிக விசா) எடுத்துப் போவதே ஒழுங்கான வழி.

இந்தியா: பக்கத்து வீடு மாதிரி நாங்கள் போய் வரும் நாடு, அதனால்தான் கவனமும் குறைவு. பலாலியிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம், காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் என்று வழி இலேசாகிவிட்டது. சட்டமோ இறுகிவிட்டது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தையும் வேறு சில பழைய சட்டங்களையும் நீக்கி, 2025 செப்டெம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விசா முடிந்தும் நின்றால் 3 வருடம் வரை சிறை, 3 இலட்சம் இந்திய ரூபா வரை தண்டம் என்று அதில் இருக்கிறது. போலிப் பாஸ்போட் அல்லது விசா என்றால் குறைந்தது 2 வருடம், கூடியது 7 வருடம்.

நடைமுறையில் சிகிச்சைக்குப் போனவர் செய்ய வேண்டியது இது: திகதி முடியப் போகிறது என்று தெரிந்ததும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையத்தளத்தில் நீடிப்புக்கு விண்ணப்பித்து, ஆஸ்பத்திரிக் கடிதத்தைச் சேர்க்க வேண்டும். முடிந்துவிட்டால் அதே இடத்தில் வெளியேறும் அனுமதி கேட்க வேண்டும். அது கையில் இல்லாமல் மீனம்பாக்கத்துக்குப் போனால் குடிவரவு மேசையிலேயே திருப்பிவிடுவார்கள், விமானக் காசும் போகும். நோயாளிக்கு எடுத்த அனுமதி கூடப் போன மனைவிக்கோ மகனுக்கோ செல்லாது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் எங்கள் சனத்துக்கு இந்தச் சட்டத்தில் ஒரு விலக்குக் கிடைத்திருக்கிறது. 2015 ஜனவரி 9 வரைக்கும் இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்மீது, கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் நின்றதற்காக இதன் தண்டனைப் பிரிவுகள் பாயா. ஊருக்குத் திரும்ப யோசிக்கும் குடும்பங்கள், பதிவு ஆவணங்களை ஒரு துண்டு விடாமல் சேர்த்து வையுங்கள்.

தாய்லாந்தில் ஒரு நாளுக்கு 500 பாத், கூடியது 20,000 பாத் தண்டம். 90 நாளுக்கு மேல் நின்று தானாகப் போனால் 1 வருடத் தடை. ஒரு வருடத்துக்கு மேல் 3, மூன்று வருடத்துக்கு மேல் 5, ஐந்து வருடத்துக்கு மேல் 10 வருடம். பிடிபட்டால் ஒரு வருடத்துக்குக் குறைவாக நின்றிருந்தாலும் 5 வருடம், கூட நின்றிருந்தால் 10. துபாயில் நாளுக்கு 50 திர்ஹாம் ஓடிக்கொண்டே இருக்கும். மலேசியாவில் குறைந்தது 10,000 ரிங்கிட் தண்டம், 5 வருடம் வரை சிறை அல்லது இரண்டும். சிங்கப்பூரில் 90 நாளைத் தாண்டி நிற்கும் ஆண்களுக்குச் சிறையோடு பிரம்படியும் உண்டு. "இடையில கொஞ்ச நாள் நிண்டு பிறகு ஐரோப்பாக்குப் போகலாம்" என்று பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஏஜென்சிக்காரர் இந்த எண்களைச் சொல்ல மாட்டார்.

உயிருக்குப் பயந்து போனவர்கள்

இதுவரை சொன்னது எல்லாம் திரும்பி வரக்கூடியவர்களுக்கு. ஊருக்கு வந்தால் ஆபத்து என்று உண்மையாகப் பயப்படுகிறவர், தடைக் கணக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஆபத்திலிருந்து நேராக வந்து தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தம்மைக் காட்டிக்கொள்ளும் அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகவோ நின்றதற்காகவோ தண்டிக்கக் கூடாது என்கிறது. "தாமதிக்காமல்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விசா முடிந்து இரண்டு வருடம் கடையில் வேலை செய்து, பிடிபட்ட பிறகு தஞ்சம் கேட்டுக் கேஸ் அடிப்பவரிடம் "இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்பார்கள். அமெரிக்காவில் வந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. உண்மையான பயம் இருந்தால் முதல் நாளே சட்டத்தரணியிடம் போங்கள்.

நான்காம் படி: வெளியேறும் அன்று

வெளியேறினால் போதும் என்று நினைப்பது பிழை. வெளியேறியதற்கு ஆதாரம் வேண்டும். கனடாவில் உத்தரவு பெற்றவர் விமான நிலையத்தில் எல்லைச் சேவை அதிகாரியைச் சந்தித்து, வெளியேறிய சான்றிதழில் கையெழுத்து வாங்க வேண்டும். அதிகாரியின் மேசை புறப்பாட்டு வாசலில் இராது, தேடித்தான் போக வேண்டும். அதனால் விமானத்துக்குப் பல மணி நேரம் முந்தியே போங்கள். சான்றிதழ் இல்லாமல் ஏறினால், 30 நாள் உத்தரவு நாடுகடத்தலாக மாறிவிடும். விலக்கல் உத்தரவுக்கோ ஒரு வருடம் கழிந்தாலும் விசேட அனுமதி கேட்க வேண்டிவரும். சட்டத்தை மதித்துத் தானாகப் போனவருக்கு ஒரு கையெழுத்துக்காக இவ்வளவு கரைச்சல் வரக் கூடாது.

பாஸ்போட் காலாவதியானவர் அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் புதியது எடுக்க வேண்டும், அல்லது ஊர் திரும்புவதற்கான தற்காலிகப் பயண ஆவணம் கேட்க வேண்டும். பிறப்புச் சாட்சிப் பத்திரமும் அடையாள அட்டைப் பிரதியும் தேவைப்படும். ஊரிலிருந்து அவற்றை அனுப்பி வைப்பது குடும்பத்தின் வேலை. சிலர் கட்டுநாயக்காவில் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து திரும்பாமலே இருக்கிறார்கள். வேறு நாட்டில் விசா முடிந்து நின்றது இலங்கைச் சட்டத்தில் குற்றமில்லை. ஆனால் இலங்கையை விட்டுப் போகும்போது படகிலோ போலிப் பாஸ்போட்டிலோ போனவர்மீது குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் கீழ் வழக்கு வரலாம். அவர் திரும்பும் முன் இங்குள்ள சட்டத்தரணி ஒருவரோடு பேசிவிட்டு வருவது புத்தி.

ஐந்தாம் படி: திரும்பவும் விண்ணப்பிக்கும்போது

தடை முடிந்த பிறகு விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: எந்த நாட்டிலாவது உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதா, வெளியேறச் சொன்னார்களா, அனுமதி கடந்து நின்றீர்களா? "இல்லை" என்று போடச் சொல்லும் ஆட்கள் நகரில் நிறைய இருக்கிறார்கள். "புதுப் பாஸ்போட் எடுத்து, அப்பாவின்ர பேரை முன்னுக்குப் போடுவம், தெரியாது" என்பார்கள். காசு வாங்குவது அவர்கள், தடை விழுவது உங்களுக்கு.

கைரேகைக்குப் பெயர் மாற்றம் தெரியாது. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடிவரவுத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்கின்றன. லண்டனில் மறுத்ததை ஒட்டாவாவில் மறைக்க முடியாது. பொய் பிடிபட்டால் கனடாவில் 5 வருடம், பிரித்தானியாவில் 10 வருடம், அவுஸ்திரேலியாவில் 3 வருடம், அமெரிக்காவில் வாழ்நாள் முழுக்க. 40 நாள் கூடுதலாக நின்றதை உள்ளபடி சொல்லி, ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் போர்டிங் பாஸையும் இணைத்தவருக்கு விசா கிடைக்க இடமிருக்கிறது. பொய்க்கு இடமே இல்லை.

படிவம் நிரப்ப ஆள் பிடிக்கிறீர்கள் என்றால் அனுமதிப் பத்திரம் பாருங்கள். கனடாவுக்கு, அங்குள்ள குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவானவரோ சட்டத்தரணியோ. பிரித்தானியாவுக்கு, குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிவானவரோ சட்டத்தரணியோ. இருவரின் பெயரையும் இணையத்தில் தேடிப் பார்க்க முடியும். பழைய கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் விண்ணப்பிக்கவும் வேண்டாம். பிரித்தானிய உள்துறையிடம் உங்கள் சொந்தத் தகவலைக் கேட்டால் காசில்லாமலே தருவார்கள். கனடாவில் உள்ள பிள்ளை, உங்கள் சம்மதக் கையெழுத்தோடு உங்கள் கோப்பைக் கேட்டு எடுக்கலாம்.

ஊருக்கு வரும் எங்கள் வெளிநாட்டுக்காரர்

கனேடியப் பாஸ்போட்டில் வரும் அண்ணா, கொக்குவிலில் பிறந்தவர்தான், வீடும் அவர் பெயரில்தான். ஆனாலும் வேறு நாட்டுப் பிரஜையானதோடு இலங்கைப் பிரஜாவுரிமை போய்விட்டது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காதவரைக்கும் கட்டுநாயக்காவில் அவரும் வெளிநாட்டவர். பிள்ளைகளும் அப்படித்தான், குழந்தையாக இருந்தாலும் அதற்கும் தனி விசா, தனித் திகதி.

சுற்றுலா விசா முதலில் 30 நாள். நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முந்தி வந்து, பூங்காவனமும் முடித்து, பிறகு காணி அலுவல், பல் வைத்தியம், இன்னும் ஒரு கல்யாணம் என்று நிற்பவருக்கு 30 நாள் போதவே போதாது. திகதி கடந்தால் விசாக் கட்டணத்துக்கு மேல் டொலரில் தண்டமும் கட்ட வேண்டிவரலாம். மாதக் கணக்கில் நின்றவரை அகற்றவும் கறுப்புப் பட்டியலில் போடவும் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. நீடிப்பதற்குக் கொழும்புக்கு ஓடவும் தேவையில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம், பத்தரமுல்லையில் உள்ள தலைமையகத்துக்கு நேரிலும் போகலாம். சந்தேகம் இருந்தால் 1962க்குத் தொலைபேசி எடுங்கள்.

அடிக்கடி வருபவர், வயது போய் இங்கேயே இருக்க நினைப்பவர், இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிப்பது நல்லது. கட்டணம் கூடத்தான். ஆனால் அதற்குப் பிறகு திகதி எண்ண வேண்டியதில்லை, தாயின் செத்தவீட்டுக்கு வந்து எட்டுச் செலவோடு ஓடிவிடாமல் அந்தியேட்டியும் முடித்து, ஆட்டைத் திவசம் வரைக்கும் நிற்கலாம்.